பிஸ்ட் ஓரமாக ஒரு நாள் ஏற்றம்: குழு ஸ்கி டூரிங் பயிற்சிக்குக் கொடுக்கும் காசு தகுமா?

லிஃப்ட்டில் ஏறாமல், பனிச்சறுக்குப் பலகையான ஸ்கியைக் காலில் மாட்டியபடியே மலையேறி, பிறகு சறுக்கி இறங்குவது ஸ்கி டூரிங். புதிதாகக் கற்க வருகிறவர்களுக்காக ரிசார்ட்டுகளில் இதை ஒரு குழு நாளாக விற்கிறார்கள். வாடகைக் கருவி, ஒரு வழிகாட்டி, ஆறேழு பேர், 600 முதல் 800 மீட்டர் உயரம் ஏற்றம். பாதை முழுக்க பிஸ்ட்டின், அதாவது இயந்திரம் சமன்செய்த சறுக்குப் பாதையின் ஓரம்தான். கால்படாத பனியைத் தேடி வருகிறவர்களுக்கு இது சப்பென்றிருக்கும். ஆனால் கருவியைக் கையாளக் கற்க இதைவிடத் தோதான இடம் இல்லை. ஏதாவது பிசகினால் பக்கத்திலேயே பிஸ்ட் இருக்கிறது, சறுக்கிக் கீழே போய்விடலாம். அந்தக் கணக்கில் பார்த்தால்தான் காசு தகுமா என்று தெரியும்.

நாள் நன்றாகப் போகுமா என்பது பாதிக்கு மேல் வாடகைக் கவுண்டரிலேயே முடிவாகிவிடும். டூரிங் பூட்டின் முனையில் இருபுறமும் சின்ன உலோகக் குழிகள் இருக்கும். பூட்டை ஸ்கியோடு பிணைக்கும் பைண்டிங்கின் இரண்டு ஊசிகள் அவற்றில் போய் உட்காரும், குதிகால் மட்டும் தனியே எழும்பும். 1980களில் ஆஸ்திரியரான ஃபிரிட்ஸ் பார்த்தெல் உருவாக்கிய இந்த ஊசி முறைதான் இன்றைக்கு எல்லோர் காலிலும். சாதாரண பிஸ்ட் பூட்டில் அந்தக் குழிகள் கிடையாது. 'என் பூட்டையே போட்டுக்கொள்கிறேன்' என்று வருகிறவருக்கு ஏமாற்றம் நிச்சயம். எடை, உயரம், வயது, சறுக்கும் திறன், பூட்டின் அடிப்பாக நீளம் ஆகிய ஐந்தையும் கேட்காமல் பைண்டிங்கைத் திருகிக் கொடுக்கும் கடையில் கருவி எடுக்காதீர்கள். பூட்டுக்கும் குதிகால் துண்டுக்கும் இடையே விட வேண்டிய இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும். கண்ணளவில் சரிசெய்கிற ஆளை நம்ப முடியாது. பூட்டை நடை நிலையில் வைத்து கால்மணி நேரமாவது கடைக்குள்ளேயே நடந்து பாருங்கள். கடையில் லேசாக உரசுகிற குதிகால், மலையில் கொப்பளமாகிவிடும்.

அடுத்தது ஸ்கின், அதாவது ஸ்கியின் அடியில் ஒட்டும் ரோமப் பட்டை. பூனையின் முதுகைத் தலையிலிருந்து வால்பக்கம் தடவினால் கை வழுக்கும், எதிர்த்துத் தடவினால் ரோமம் சிலிர்த்துத் தடுக்கும். ஸ்கின்னும் அப்படித்தான் முன்னே வழுக்கி, பின்னே பிடிக்கிறது. மொஹேர் ரோமம் நன்றாக வழுக்கும். நைலான் நன்றாகப் பிடிக்கும், நாளும் தாங்கும். வாடகைக்குப் பெரும்பாலும் இரண்டும் கலந்தது வரும், கற்பவருக்கு அதுவே போதும். பார்க்க வேண்டியது அகலத்தை. ஸ்கியின் அடிப்பரப்பு முழுக்க மூடியிருக்க வேண்டும், இருபுறமும் உலோக விளிம்பு மட்டும் வெளியே தெரிய வேண்டும். வேறொரு குறுகலான ஸ்கிக்கு வெட்டிய ஸ்கின்னைக் கொடுத்தால், காலையில் இறுகிப்போன பிஸ்ட் ஓரத்தில் பக்கவாட்டாக வழுக்கிக்கொண்டே இருப்பீர்கள். விளிம்பை ஸ்கின் மறைத்தாலும் இதே கதிதான். ஒருமுறை ஒட்டிப் பிரித்துப் பசையையும் சோதித்துவிடுங்கள்.

ஏற்றத்தில் எல்லோரும் செய்யும் தவறு, படிக்கட்டு ஏறுவதுபோல ஸ்கியைத் தூக்கித் தூக்கி வைப்பது. ஸ்கியைத் தூக்காமல் இழுத்துத் தள்ள வேண்டும். சரிவு கூடினால் உடனே, குதிகாலுக்கு அடியில் தாங்கும் முட்டுத் துண்டை முழு உயரத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். எடை முன்பாதத்துக்குப் போகும், ஸ்கியின் நடுப்பகுதி பனியை அழுத்தாது, பிடிமானம் போய்விடும். ஸ்கின் சரியில்லை என்று வழிகாட்டியிடம் புகார் போவது அப்புறம். முட்டுத் துண்டை ஒரு படி இறக்கி, உடம்பை நிமிர்த்தி, குதிகாலில் எடை வைத்தால் பத்தில் எட்டு வழுக்கல் நின்றுவிடும். மீதிக்கு, பனியில் குத்திப் பிடிக்கும் பல் வைத்த ஸ்கி கிராம்பான் இருக்கிறது. இறுகிய பனி நாளில் அதைக் கொடுக்காத ஏற்பாட்டாளர் செலவை மிச்சம் பிடிக்கிறார் என்றே அர்த்தம். வேகம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற அளவில் இருக்கட்டும். மணிக்கு 300 மீட்டர் உயரம் என்பது புதியவர்களுக்கு நல்ல வேகம்தான்.

வழிகாட்டியின் தரம் தெரிவது குழுவை நடத்தும் விதத்தில். பிஸ்ட்டின் வெளி ஓரத்தில் ஒற்றை வரிசை. பேச்சுச் சுவாரசியத்தில் இருவர் சேர்ந்து நடந்தால் உடனே பிரித்துவிட வேண்டும். பிஸ்ட்டைக் கடக்கும்போது இடைவெளி விட்டு ஒவ்வொருவராக, மேலிருந்து வருகிறவருக்குத் தெளிவாகத் தெரியும் இடத்தில் மட்டும். மேட்டுக்குக் கீழே, அவர் கண்ணுக்கு மறைவான இடத்தில் கடப்பது தற்கொலைக்குச் சமம். நடந்து ஏறுவோரும் இறங்குவோரும் பிஸ்ட்டின் ஓரத்தில்தான் போக வேண்டும் என்று சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான எஃப்.ஐ.எஸ்ஸின் நடத்தை விதிகளில் 7ஆவது சொல்கிறது. அதற்கு மேல் ரிசார்ட்டுக்கு ரிசார்ட் தனி விதி உண்டு. சில இடங்களில் ஏறுவதற்கென்றே பாதை குறித்திருப்பார்கள், சில இடங்களில் ஏற்றத்துக்கே தடை. அதை விசாரித்து வைப்பது வழிகாட்டியின் வேலை, உங்களுடையதல்ல.

உச்சியில் ஸ்கின்னைக் கழற்றிச் சறுக்கத் தயாராவதுதான் இந்த நாளின் உயிர்நாடி, அவசர அவசரமாக முடிக்கப்படுவதும் அதுவே. முதலில் ஜாக்கெட், பிறகுதான் மற்றதெல்லாம். வியர்வை குளிர்வதற்குள் விரல் விறைத்துவிடும். சரிவுக்குக் குறுக்கே மிதித்துச் சமதளம் செய்துகொண்டு, ஒவ்வொரு ஸ்கியாகக் கழற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் விட்டால் ஒன்று உங்களுக்கு முன்பாகவே ஊர் போய்ச் சேரும். ஸ்கின்னைப் பசையோடு பசை சேர மடித்து ஜாக்கெட்டுக்குள் போடுங்கள். பையில் வைத்தால் பசை உறைந்து, இரண்டாவது ஏற்றத்தில் ஒட்டாது. பூட்டைச் சறுக்கு நிலைக்குப் பூட்டுங்கள். குழியிலும் ஊசிகளுக்கு அடியிலும் உள்ள பனிக்கட்டியை நோண்டி எடுத்துவிட்டு, முனையை மாட்டி, குதிகாலை நாலைந்து முறை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கட்டி மிச்சமிருந்தால் ஊசி முழுதாக மூடாது, முதல் திருப்பத்திலேயே ஸ்கி கழன்றுவிடும். கடைசியாக, பைண்டிங்கின் முனையில் உள்ள முன்நெம்புகோல். ஏறும்போது அது மேலே இழுத்துப் பூட்டிய நிலையில் இருக்கும். அப்படியே விட்டுச் சறுக்கினால் விழும்போது ஸ்கி கழலாது, முறுக்கு முழுவதும் முழங்காலுக்குத்தான். நல்ல வழிகாட்டி கிளம்புமுன் ஒவ்வொருவர் நெம்புகோலையும் குனிந்து பார்ப்பார். இந்த மாற்றத்தை ஒரே நாளில் மூன்று முறையாவது செய்யவைக்கும் நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள். ஒரே மூச்சில் 800 மீட்டர் ஏற்றி ஒரே முறை இறக்குவதைவிட, 250 மீட்டராக மூன்று சுற்று எவ்வளவோ மேல்.

இறக்கம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. டூரிங் ஸ்கி இலேசானது, கட்டிப் பனியில் தடதடக்கும். பழகிய வேகத்தில் பாதியாகத் தொடங்கினால் போதும்.

பிஸ்ட் ஓரம்தானே என்று பனிச்சரிவுக் கருவிகளைத் தராத ஏற்பாட்டாளர்கள் உண்டு. பாதை குறிகம்பங்களுக்குள்ளேயே இருக்கும்வரை அதை ஏற்கலாம். மரங்களுக்கிடையே பத்து நிமிடக் குறுக்குவழி என்றாலும், புதைந்தவரைத் தேட உதவும் 457 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞைக் கருவியான பீக்கன், பனியைக் குத்திப் பார்க்கும் சலாகை, தோண்டும் ஷவல் மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். வழிகாட்டியிடம் மட்டும் இருந்து பயனில்லை, புதைபவர் அவராகவும் இருக்கலாம். கைபேசியைப் பீக்கனிலிருந்து குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளியும், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளியும் வைக்கச் சொல்லித்தருகிறார்களா என்றும் பாருங்கள்.

மாலை நேர நிகழ்ச்சி என்றால் முன்பதிவுக்கு முன் ஒரே கேள்வி: அன்றைக்கு எந்தப் பிஸ்ட்டில் விஞ்ச் இயந்திரம் வேலை செய்கிறது? செங்குத்தான பிஸ்ட்டைச் சமன்செய்யும் வண்டியை மேலே ஒரு நங்கூரத்தோடு எஃகுக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். கயிறு ஒரு கிலோமீட்டர் அளவுக்குக்கூட நீளும். பனிக்குள் புதைந்து தொய்ந்து கிடப்பது, வண்டி திரும்பியதும் பக்கவாட்டில் சவுக்குப்போல எழும்பும்; தலைவிளக்கு வெளிச்சத்தில் அது கண்ணுக்கே படாது. இந்தக் கேள்விக்குப் பிஸ்ட்டின் பெயரைச் சொல்லிப் பதில் தராதவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.