ஆலாக்களைப் படமெடுக்கக் கோவளத்தில் ஒரு படகு

சென்னையில் ஆலா (tern) போன்ற கடற்பறவைகளைப் படமெடுக்கப் படகு தேடுபவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். கோவளத்தில் ஒரு மீனவ அண்ணன், வலைக்குப் போகாத காலைகளில் தன் ஃபைபர் படகில் கூட்டிப்போகிறார். எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து 3,000 ரூபாய் வாங்கினார்.

படகை எங்கே நிறுத்துகிறார் என்பதில்தான் அவருடைய அருமை தெரிகிறது. நம் கரையில் காலை வெயில் கடல் பக்கமிருந்து வரும். அதனால் பறவைகளைத் தாண்டி வெளியே போய், கரையைப் பார்த்து நிறுத்துகிறார். ஆலா காற்றை எதிர்த்துத்தான் அந்தரத்தில் நிற்கும். தை மாதத்து வாடைக்காற்று வரும் திசையில் படகு நின்றால், ஆலாவின் முகம் நம் பக்கம் இருக்கும். அப்புறம் எஞ்சினை அணைத்துவிடுவார். அலகு நேரே கீழே திரும்பும், சிறகு பின்னால் மடங்கும், நெத்திலிக் கூட்டத்துக்குள் ஒரே பாய்ச்சல்! பெரிய கொண்டை ஆலாவின் மஞ்சள் அலகில் மீன் துடிப்பதுவரை படத்தில் விழுந்தது. ஷட்டர் வேகம் 1/2500 நொடியாவது இருக்கட்டும். டிரைபாட் வேண்டவே வேண்டாம், படகின் ஆட்டமெல்லாம் அதில் ஏறிவிடும்.

மீன் எறிந்து பறவைகளை வரவழைக்கச் சொன்னால் மறுத்துவிடுகிறார். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

குறை என்றால், லைஃப் ஜாக்கெட்டின் வார்கள் நைந்துபோயிருக்கின்றன. மாற்றச் சொல்லியிருக்கிறேன். நிழல் கிடையாது, உப்புத்தண்ணீர் தெறிக்கும், கேமராவுக்கு உறை கட்டாயம். முந்தின நாள் மாலையே பேசிக்கொள்ளுங்கள். காற்று சரியில்லை என்று அவர் சொன்னால் வற்புறுத்தாதீர்கள்.