தினம் ஒரு செய்தி, ஒரு படம்: ஏஐயோடு ஒன்றரை வருஷம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்டம், எல்லாமே கோரல் டிரா, போட்டோஷாப் மென்பொருள்களில்தான். 2024 ஜனவரியில், சும்மா கை பழகட்டும் என்று ஒன்றை ஆரம்பித்தேன். காலையில் டீக்கடையில் பேப்பர் பார்ப்பது, உலகச் செய்தி ஒன்றை எடுப்பது, கடை திறப்பதற்குள் அதை, சொன்னதைப் படமாக வரைந்து தரும் ஏஐயிடம் (செயற்கை நுண்ணறிவு) கொடுத்துப் படமாக்குவது. விட்ட நாட்கள் போக நானூற்றுச் சொச்சம் படங்கள் சேர்ந்திருக்கின்றன. சுவரில் மாட்டலாம் என்று தோன்றுவது பதினைந்து தேறும்.

முதல் மாதம் செய்தது முழுக்கத் தப்பு. செய்தியை அப்படியே காப்பி பண்ணிப் போட்டு "இதைப் படமா வரைஞ்சு கொடு" என்பேன். போர் என்றால் விரிசல் விட்ட பூமி உருண்டை, பேச்சுவார்த்தை என்றால் புறா, பூகம்பம் என்றால் இடிபாட்டுக்கு நடுவே வெளிச்சத்தைப் பார்த்து நிற்கும் ஒரு சின்னப் பெண். காஸாவோ உக்ரைனோ ஜப்பானோ, அதே பெண், அதே வெளிச்சம். சிவகாசி காலண்டர்கூட மாதத்துக்கு ஒரு சாமியையாவது மாற்றும்.

ஏன் இப்படி என்று அப்புறம்தான் புரிந்தது. இணையத்தில் கிடக்கும் கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு இருக்கும் வரிகளையும் பார்த்துப் பழகிய சமாச்சாரம் இது. வெறும் புள்ளிக் குப்பையில் தொடங்கி, நாம் கொடுத்த வார்த்தைக்குப் பொருந்துகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக அதைச் சுத்தம் செய்துகொண்டே போகும். 'துயரம்', 'நம்பிக்கை' என்று மொட்டையாகச் சொன்னால், ஊர் உலகமே துயரத்துக்கு எந்தப் படம் போடுமோ அதுதான் வரும்.

திருப்பம் ஒரு பழைய செய்தியில் வந்தது. அந்த வருஷம் ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானமும் கடலோரக் காவல்படையின் சின்ன விமானமும் மோதித் தீப்பிடித்தன. சின்ன விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்துபோனார்கள், பெரிய விமானத்தின் 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். 379 பேர் இறங்கி ஓடுவதை வரையச் சொன்னேன். அப்போது ஏஐக்கு எண்ணத் தெரியாது, ஏழு பேர் கேட்டாலே ஒன்பது வரும். நாலு நாள் மல்லுக்கட்டிய பிறகு செய்தியை மறுபடி படித்தேன். பயணிகள் பையைத் தூக்காமல் இறங்கியதும் அவர்கள் தப்பியதற்கு ஒரு காரணம் என்று இருந்தது. சரி, ஆளே வேண்டாம். காலி இருக்கைகள், மூடியபடியே இருக்கும், பை வைக்கிற மேல்தட்டுகள், ஒரு சீட்டில் யாரோ விட்டுப்போன கைப்பை, ஜன்னலில் செம்மஞ்சள் வெளிச்சம். இப்படிச் சொன்னதும் இரண்டாவது முயற்சியில் வந்துவிட்டது. இன்று வரை என்னிடம் இருப்பதில் அதுதான் நல்ல படம். அன்றிலிருந்து செய்தியில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளைத் தேடுவதுதான் என் வேலை, வரைவது ஏஐயின் வேலை.

மொழி ஒரு தலைவலி. தமிழில் கேட்டால் புரிந்துகொள்கிறது, ஆனால் ஒருமுறை கலங்கரை விளக்கம் கேட்டதற்குப் பாறை மேல் குத்துவிளக்கு ஏற்றி வைத்தது. (அந்தப் படத்தையும் அழிக்கவில்லை.) படத்துக்குள் தமிழ் எழுத்து கேட்டால் ஜிலேபி சுற்றித் தரும். இப்போது கொஞ்சம் தேவலை, இருந்தாலும் எழுத்தை நான் கோரல் டிராவில்தான் போடுகிறேன். இன்னொன்று, சொல்லாமல் கொள்ளாமல் ஏஐயைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிடுவார்கள். அதே வார்த்தையைக் கொடுத்தாலும் நேற்றைய பாணி இன்று வராது. தொடராகச் செய்கிறவனுக்கு இது பெரிய எரிச்சல்.

2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் 'டாலி' சரக்குக் கப்பல் மோதிப் பாலம் விழுந்ததே, அதில் பாலத்தின் மேல் சாலைக் குழியை அடைத்துக்கொண்டிருந்த ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். போட்டோ மாதிரியே ஒரு படம் செய்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எங்கள் சித்தி அதை நிஜப் படம் என்று நினைத்து, "ஐயோ பாவம்" என்று எழுதி ஊருக்கே அனுப்பிவிட்டார். 2023 மே மாதம் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன் அருகே வெடிப்பு என்று ஒரு போலிப் படம் சுற்றி அமெரிக்கப் பங்குச் சந்தையே சில நிமிடம் சரிந்ததைப் படித்துச் சிரித்தவன் நான். அதோடு போட்டோ பாணியை விட்டேன். இப்போது எல்லாம் மரச்செதுக்கு அச்சு மாதிரி கறுப்பு வெள்ளைதான், கீழே தேதியும் 'ஏஐ' என்ற சொல்லும் கட்டாயம்.

போர்ச் செய்திகளில் இன்னொரு சிக்கல். 'ரத்தம்', 'சடலம்' என்றால் வரைய மறுக்கும். ஆனால் அழுகிற தாயைக் கேட்டால் சினிமா வெளிச்சம் போட்டு அவ்வளவு அழகாக வரைந்து தரும். கடையில் வேலை செய்கிற தம்பி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, செத்தவங்கள வச்சு லைக் வாங்குறீங்களா?" என்றான். பதில் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் புதுச்சேரியில் இருந்தபோது பாரதி 'இந்தியா' பத்திரிகையில் கருத்துப்படம் போட்டார். அதற்குப் பின்னால் ஒரு கோபம் இருந்தது. இந்த இயந்திரத்துக்கு யார் மேலும் கோபம் இல்லை. கோபத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும், அது இல்லாத நாளில் படம் செய்யாமல் இருப்பது உத்தமம்.

ஜப்பானிய ஓவியர் ஆன் கவாரா 1966 ஜனவரி 4 முதல், வெறும் தேதியை மட்டும் ஓவியமாகத் தீட்டிக்கொண்டே இருந்தார். பல ஓவியங்களை அன்றைய செய்தித்தாளின் பக்கம் ஒட்டிய பெட்டியில் வைத்தார். நள்ளிரவுக்குள் முடியாவிட்டால் அழித்துவிடுவார். அந்த விதியை நானும் எடுத்துக்கொண்டேன். ஷட்டர் தூக்குவதற்குள் வராவிட்டால் அன்றைக்கு இல்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பொங்கி கடலூருக்குள் வந்தது. கடையில் ஃப்ளெக்ஸ் ரோல் ஏழு நனைந்தது. கரண்ட் வந்த பிறகு பழக்க தோஷத்தில் 'புயல்' என்று கேட்டேன். புனல் மாதிரி சுழலும் அமெரிக்கச் சூறைக்காற்றை, சோளக்காட்டுக்கு நடுவே வரைந்து தந்தது. தென்னை மரம் வை என்றேன், வைத்தது, அது ஏதோ சுற்றுலாக் கடற்கரையின் தென்னை. அந்த வாரத்துக்கான ஃபோல்டரில் இருப்பது, கடைச் சுவரில் சேறு நின்ற கோட்டை நான் போனில் எடுத்த போட்டோ மட்டும்.

ஏஐக்கு மாதச் சந்தாவாக ஏறக்குறைய 1,700 ரூபாய் கட்டுகிறேன். பேனர் வேலைக்கும் அதுவே உதவுவதால் கட்டுப்படியாகிறது, செய்திப் படத்துக்கு மட்டும் என்றால் இலவச அளவே போதும். இப்போது வாரத்துக்கு மூன்று நாள்தான் செய்கிறேன். பேப்பர் தினமும் படிக்கிறேன், முன்பைவிட மெதுவாக, உள்பக்கத்துச் சின்னச் செய்திகளையும் சேர்த்து.