திருகோணமலையில் இலவச மூச்சுப் பரிசோதனை: அம்மாவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு போன அனுபவம்

வீட்டில் மாதக்கணக்கில் இருமிக்கொண்டு, கொஞ்சத் தூரம் நடந்தாலே இளைத்துக்கொண்டு, கேட்டால் "சளிதான், போயிடும்" என்று சொல்கிற ஒருவர் இருக்கிறாரா? அப்படியானால் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி அவரை உங்கள் பகுதி அரச வைத்தியசாலையில் இருக்கும் சுகவாழ்வு நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் அம்மாவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். காசு ஒரு சதமும் இல்லை. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அந்த ஒன்று ஏன் குறைந்தது என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக: சுகவாழ்வு நிலையங்களை 2011இல் இருந்து நாடு முழுக்க அரசு நடத்துகிறது. முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள் வருத்தம் எதுவும் இல்லாவிட்டாலும் போகலாம். உயரம், நிறை, பிரஷர், சீனி எல்லாம் பார்ப்பார்கள், வாய்க்குள் பார்ப்பார்கள், மாரடைப்பு வரும் ஆபத்து எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்வார்கள். எங்கள் ஊர் ஆட்கள் அங்கே போவதே சீனி பார்க்கத்தான். மூச்சையும் பார்ப்பார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நாங்கள் முதலில் போன நிலையத்தில் அதற்கான கருவி இருக்கவில்லை, இன்னொரு நிலையத்துக்குப் போகச் சொன்னார்கள். போனோம். இனி நான் எழுதுவதெல்லாம் அந்த இரண்டாவது இடத்தைப் பற்றி.

அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வாழ்நாளில் ஒரு சிகரெட் தொட்டதில்லை. ஆனால் இருபது வருடத்துக்கு மேலாக விடியமுன்னம் எழும்பி கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தவர். சின்னக் குசினி, ஒரே ஒரு யன்னல், பொச்சுமட்டையும் விறகும். இடையில் காஸுக்கு மாறினோம். 2022இல் காஸ் தட்டுப்பாடு வந்ததும் திரும்ப விறகுக்கே போய், அதோடு அப்படியே நின்றுவிட்டார். மாமா கடற்தொழில், பள்ளிக்கூடம் விட்ட நாளில் இருந்து பீடி. வீட்டில் எல்லோரும் பயந்தது மாமாவை நினைத்துத்தான். அம்மாவை உண்மையில் துணைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கிருந்த நேர்ஸ் மிஸ் கேள்வி கேட்ட விதத்துக்கே தனியாக மார்க்ஸ் போடவேண்டும். "வருத்தம் ஏதும் இருக்கா அம்மா?" என்று கேட்டார், அம்மா வழக்கம்போல "ஒண்டும் இல்லைப் பிள்ளை" என்றார். இதற்கு முதல் போன இடங்களில் கதை இதோடு முடிந்துவிடும். இவர் விடவில்லை. "கோணேசர் கோயிலுக்குக் கடைசியா எப்ப போனீங்கள்? கோட்டை வாசல்ல இருந்து மேல வரைக்கும் நிற்காமல் ஏறுவீங்களா?" அம்மா கொஞ்சம் யோசித்து, இப்போதெல்லாம் மான்கள் மேய்கிற இடத்தில் ஒருதரம், அதற்கு மேலே ஒருதரம் நின்றுதான் போவதாகச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்கே அது புதுச் செய்தி, அவர் மான் பார்க்க நிற்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அப்புறம் வரிசையாகக் கேள்விகள்: உங்கள் வயது ஆட்களோடு சமதரையில் சேர்ந்து நடக்க முடியுமா, காலையில் சளி வருமா, வருடத்தில் எத்தனை தரம் நெஞ்சுச்சளிக்கு மருந்து எடுக்கிறீர்கள், வீட்டில் என்ன அடுப்பு, எத்தனை வருடமாக, குசினியில் புகைபோக்கி இருக்கா. மாமாவிடம் பீடிக் கணக்கு. எல்லாவற்றையும் எழுதினார்.

அதற்குப் பிறகுதான் ஊதச் சொன்னார்கள். பீக் ஃப்ளோ மீட்டர் என்பது மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊதுகிறோம் என்று அளக்கும், பக்கத்தில் இலக்கங்கள் போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாய், உள்ளே ஒரு ஊசி நகரும், முன்னால் மட்டையில் செய்த வாய்க்குழாயைச் செருகித் தருவார்கள், ஆளுக்கு ஒன்று. எழுந்து நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, உதட்டால் குழாயை இறுக்கிக்கொண்டு, முடிந்த வேகத்தில் ஒரே ஊதாக ஊதவேண்டும். அம்மா முதல் தரம் ஊதாங்குழலில் அடுப்பு ஊதுகிற மாதிரி மெல்ல நீளமாக ஊதினார், ஊசி அசையவே இல்லை. "அப்படி இல்லை அம்மா, படார் எண்டு ஊதுங்கோ" என்று மிஸ் தானே ஊதிக் காட்டினார். மூன்று தரம் ஊதவைத்து அதில் கூடியதை எடுத்து, வயது, உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்து ஒரு அட்டவணையோடு ஒப்பிட்டார்கள். மாமாவுக்கு 480 (நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்ற கணக்கு), அவர் உயரத்துக்கும் வயதுக்கும் பெரிய குறை இல்லை. அம்மாவுக்கு 190. முந்நூறைத் தாண்டி வந்திருக்கவேண்டுமாம்.

பிறகு அம்மாவுக்கு, மருந்தை நெஞ்சுக்குள் இழுக்க உதவும் ஸ்பேசர் என்ற குடுவையை வைத்து, மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் பம் இரண்டு தரம் அடித்து, பதினைந்து நிமிடம் வாங்கில் இருத்திவிட்டு, திரும்ப ஊதவைத்தார்கள். 205. டொக்டர் விளக்கினார்: மருந்துக்குப் பிறகு இருபது வீதமோ அதற்கு மேலோ கூடினால் பெரும்பாலும் ஆஸ்துமா, இவ்வளவு கொஞ்சமாகக் கூடினால் நாட்பட்ட சுவாசத் தடை நோயாக இருக்கலாம், ஆங்கில எழுத்தில் சி.ஓ.பி.டி. என்பார்களே அது. சின்ன வைத்தியசாலைகளுக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டலில் உள்ள முறைதான் இது. இந்தக் குழாயை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது, பெரியாஸ்பத்திரியில் ஸ்பைரோமெட்ரி என்ற விரிவான ஊதும் பரிசோதனை செய்தே ஆகவேண்டும் என்று கடிதமும் தந்தார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

புகைக்காத ஒரு பெண்ணுக்கு இது வருமா என்று நான் வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன். பணக்கார நாடுகளில் இந்த நோயாளிகளில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் புகையிலைதான் காரணம். எங்களைப் போன்ற நாடுகளில் அது முப்பது, நாற்பது வீதம்தான், வீட்டுக்குள் சேரும் அடுப்புப் புகை பெரிய காரணம். நேபாளம், பெரு, உகண்டா மூன்றிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதவைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2022இல் வந்தது. நோய் இருப்பதாகக் கண்டவர்களில் நூற்றுக்கு 95 பேருக்கு அதுவரை அது தெரியாது. அம்மாவும் அந்தக் கூட்டம்தான். அவர் எத்தனையோ தரம் நகரத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போய் பாணி மருந்தும் அன்டிபயோட்டிக்கும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார், ஒருதரமாவது யாரும் அடுப்பைப் பற்றிக் கேட்டதில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து "நெஞ்சு கிளியர்" என்று அனுப்பியதும் உண்டு. எக்ஸ்ரேயில் இந்த நோய் பிடிபடாமல் போகலாம். ஊதிப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, குறைகள். ஸ்பைரோமெட்ரிக்குத் திகதி கிடைக்க நீண்ட நாள் எடுத்தது. இரண்டு கட்டமாகப் பார்க்கவேண்டிய ஒரு பரிசோதனையில் முதல் கட்டம் ஒரு காலையில் முடிந்து, இரண்டாம் கட்டம் இப்படி இழுபட்டால், பாதிப் பேர் இடையிலேயே விட்டுவிடுவார்கள். அம்மாவே விடப் பார்த்தார். இன்னொன்று, மேற்கொண்டு பார்க்க மார்புநோய் சிகிச்சை நிலையத்துக்கும் போகவேண்டிவரலாம் என்று சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. அந்த வாசலில் கண்டால் ஊரில் காசநோய் என்று கதைப்பார்கள் என்ற பயம். அங்கே காசநோய் மட்டும் பார்ப்பதில்லை, இழுப்பு, நாட்பட்ட இருமல் எல்லாம்தான் பார்க்கிறார்கள். இந்தப் பயம் பலருக்கு இருப்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும், கடிதம் தரும்போதே இரண்டு வசனம் ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். இன்னும் ஒன்று: மாமாவிடம் பீடியை விடச் சொன்னார்கள், எப்படி விடுவது என்று யாரும் உட்கார்ந்து கதைக்கவில்லை. இலக்கம் நன்றாக இருந்ததால் அவர் தனக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அது எனக்குப் பெரிய கவலை, ஏனென்றால் அவருக்குத்தான் இன்னும் நேரம் இருக்கிறது.

ஸ்பைரோமெட்ரி வேறு மாதிரி. மூக்கில் கிளிப் போட்டு, வேகமாக ஊதத் தொடங்கி, "இன்னும் இன்னும் இன்னும்" என்று அவர்கள் சொல்லச் சொல்ல ஆறு விநாடியாவது விடாமல் ஊதவேண்டும். அம்மாவுக்குத் தலை சுற்றியது, இருத்தித் தண்ணீர் கொடுத்துத் திரும்பச் செய்தார்கள், அவசரப்படுத்தவில்லை. ஊதும் மொத்தக் காற்றில் முதல் விநாடியில் எவ்வளவு வெளியே வருகிறது என்பதுதான் கணக்கு. மருந்து அடித்த பிறகும் அது 0.70க்குக் கீழே இருந்தால் சுவாசக் குழாயில் அடைப்பு இருக்கிறது. அம்மாவுக்கு 0.61. இப்போது குளிசையை உள்ளே போட்டு இழுக்கும் இன்ஹேலர் தந்திருக்கிறார்கள். இழுக்கும் முறையைச் செய்துகாட்டச் சொல்லி, பிழையாக இருந்த இடத்தைத் திருத்தி அனுப்பினார்கள். அடுப்பை நாங்கள் குசினியில் இருந்து பின்வளவுக் கொட்டிலுக்கு மாற்றிவிட்டோம். போன நுரையீரல் திரும்பி வராது என்று டொக்டர் மறைக்காமல் சொன்னார். ஆனால் இளைப்பு குறைந்திருக்கிறது, இரவில் இருமி எழும்புவது குறைந்திருக்கிறது.

அப்படியென்றால் ஊரில் எல்லோரும் வரிசையில் நின்று ஊதவேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டாம். எந்த அறிகுறியும் இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனை தேவையில்லை என்று அமெரிக்காவின் தடுப்புச் சேவை நிபுணர் குழு 2022இலும் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஆனால் இருமலோ இளைப்போ இருந்தும் வைத்தியரிடம் போகாதவர்களின் கதை வேறு. கனடாவில் 38,353 பேரிடம் கேள்வி கேட்டு, அறிகுறி உள்ளவர்களை ஊதவைத்து, தெரியாமலே ஆஸ்துமாவோ சி.ஓ.பி.டி.யோ இருந்த 595 பேரைக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் 508 பேரை இரண்டு பிரிவாக்கி ஒரு வருடம் பார்த்ததில், நுரையீரல் நிபுணரின் சிகிச்சை கிடைத்தவர்கள் மூச்சு வருத்தத்துக்காக வைத்தியரிடமும் ஆஸ்பத்திரிக்கும் போனது மற்றவர்களில் பாதியளவுதான். 2024இல் வந்த முடிவு இது. அந்த மிஸ் கேட்ட கேள்விகள் வெறும் சம்பிரதாயம் இல்லை, பரிசோதனையின் பாதி அதுதான் என்று இதை வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் மாவட்டத்தில் ஒவ்வொரு நிலையத்திலும் பிரஷர் பார்க்கும்போதே அந்த மான் மேயும் இடத்துக் கேள்வி மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டால், மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் விறகடுப்புக்கு முன்னால் இருக்கும் எத்தனையோ பெண்களின் பெயர் அந்தக் கொப்பியில் ஏறும்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். சீனியும் பார்ப்பதென்றால் வெறும் வயிற்றோடு வெள்ளன போங்கள், பழைய மருந்துச்சீட்டு, கிளினிக் கொப்பி எல்லாம் கொண்டுபோங்கள். ஸ்பைரோமெட்ரி நாளில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகக்கூடாது, அதற்கு முதல் ஒரு மணித்தியாலம் புகைக்கவும் கூடாது, ஏற்கெனவே பம் பாவிப்பவர் எப்போது நிறுத்தவேண்டும் என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். அண்மையில் மாரடைப்பு வந்திருந்தால், கண் சத்திரசிகிச்சை செய்திருந்தால், சளியில் இரத்தம் வந்திருந்தால் ஊதமுதல் கட்டாயம் சொல்லுங்கள். நிலையத்தில் மூச்சைப் பற்றி யாரும் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள், "இளைப்பு இருக்கு, ஊதிப் பார்க்கலாமா?" என்று. கருவி இல்லை என்றால் எங்கே இருக்கிறது என்று கேட்டு, கடிதத்தையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.