வேலை போனவர்கள் எங்கே போனார்கள்? பொலிவியாவும் வியட்நாமும்

பொருளாதாரச் சீர்திருத்தத்தை ஒரே அடியாகச் செய்வதா, படிப்படியாகவா என்ற வாதம் வந்தால், பொலிவியாவை ஒரு பக்கமும் வியட்நாமை மறுபக்கமும் நிறுத்துவது வழக்கம். அந்தப் பிரிப்பில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வேலை இழந்தவருக்குப் போக்கிடம் இருந்ததா என்று கேட்டால்தான் வித்தியாசம் பிடிபடுகிறது.

1985இல் பொலிவியாவின் பணவீக்கம் 10,000 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. ஆகஸ்ட் 29 அன்று அதிபர் விக்டர் பாஸ் எஸ்தென்சோரோ 21060 என்ற எண் கொண்ட ஆணையைப் பிறப்பித்தார். விலைக் கட்டுப்பாடு போயிற்று. ஆளை எடுப்பதும் நீக்குவதும் முதலாளியின் விருப்பமாயிற்று. (1952இல் பெரிய வெள்ளீயச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியவரும் இதே மனிதர்தான்!) இரண்டே மாதத்தில் உலகச் சந்தையில் வெள்ளீய விலையும் சரிந்தது. அரசுச் சுரங்க நிறுவனமான கோமிபோலில் இருந்த சுமார் 30,000 பேரில் 20,000க்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். அரசு இதற்கு வைத்த பெயர் 'இடமாற்றம்'.

பணவீக்கம் 1987இல் 20 சதவீதத்துக்கும் கீழே வந்தது உண்மை. ஆனால் சுரங்க முகாமில் வீடு, பள்ளி, மலிவு விலைக் கடை எல்லாமே நிறுவனத்துடையவை. வேலையோடு அவையும் போயின. 1986 ஆகஸ்டில் தொழிலாளர்கள் குடும்பத்தோடு அரசு இருந்த லா பாஸ் நகரை நோக்கி நடந்தார்கள். வழியில் கலமார்க்காவில் ராணுவம் மறித்தது. பிறகு பலர் லா பாஸை ஒட்டிய எல் ஆல்ட்டோவில் குடிசை போட்டார்கள், சிலர் தாழ்நிலப் பகுதியான சப்பாரேயில் கோகா (கோகெயினுக்கு மூலமான இலை) பயிரிட்டார்கள். இவர்களின் சங்க அனுபவம் அங்கிருந்த கோகா விவசாயிகள் சங்கங்களுக்கு உரமானது. அந்தச் சங்கங்களின் தலைவர் எவோ மொராலஸ் 2006இல் அதிபரானார்.

வியட்நாமும் மென்மையாக ஒன்றும் நடக்கவில்லை. 'தோய் மோய்' (புதுப்பித்தல்) என்ற சீர்திருத்தக் கொள்கை 1986 டிசம்பரில் அறிவிக்கப்பட்டாலும், பெரும்பாலான விலைகளை விடுவித்தது, நாணய மதிப்பைக் குறைத்தது, வட்டியை உயர்த்தியது எல்லாம் 1989ஐ ஒட்டி ஒரே மூச்சில் நடந்தன. அரசு நிறுவனங்களிலிருந்து வெளியேறியவர்கள் லட்சக்கணக்கில். ராணுவத்திலிருந்தும் சுமார் 5 லட்சம் பேர் வீடு திரும்பினார்கள். ஆனால் அவர்கள் திரும்ப ஒரு வீடும் வயலும் இருந்தன. 1988இல் வந்த, கம்யூனிஸ்ட் கட்சியின் 10ஆம் தீர்மானம் கூட்டுறவு நிலத்தின் சாகுபடி உரிமையைக் குடும்பங்களிடம் கொடுத்திருந்தது. அதுவரை அரிசி இறக்குமதி செய்த நாடு, 1989இல் 10 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது.

என் ஓட்டு வியட்நாமுக்குத்தான். ஆனால் இதைச் சுரங்கத்தை நம்பி வாழும் நாட்டுக்கு அப்படியே பரிந்துரைக்க முடியாது. பொலிவியாவின் 4,000 மீட்டர் உயர மலையில் பங்கு போட நெல்வயல் கிடையாது.

வியட்நாமின் செலவு வேறு இடத்தில் விழுந்தது. கூட்டுறவு கலைந்ததும் கிராமச் சுகாதார நிலையங்களுக்கும் குழந்தைகள் காப்பகங்களுக்கும் வந்த பணம் நின்றது. 1989 முதல் மருத்துவமனையிலும் பள்ளியிலும் கட்டணம். அந்த ஆண்டுகளில் நடுநிலைப் பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. கட்டணம் ஒரு காரணம். வயல் கைக்கு வந்த வீட்டில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது இன்னொன்று.