கார் பார்க்கிங் உள்ள ஃபிளாட்டா, இல்லாத பழைய ஃபிளாட்டா?

சென்னையில் வீடு தேடும் நண்பர்கள் அடிக்கடி கேட்பது இது.

விலை: புதியதில் பார்க்கிங்குக்கு பில்டர் தனியாகச் சில லட்சம் கேட்பார். 2010-இல் ஒரு மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றம், ஸ்டில்ட் பார்க்கிங் (தரைத்தளத்தில் வீடு கட்டாமல், தூண்களுக்கு நடுவே கார் விடும் இடம்) எல்லா ஃபிளாட்காரர்களுக்கும் பொதுவானது, தனியாக விற்க முடியாது என்றது. அதனால் பத்திரத்தில் எப்படி எழுதுகிறார்கள் என்று வக்கீலிடம் கட்டாயம் காட்டுங்கள். பழையதில் இந்தச் செலவே இல்லை.

இடம்: ஒரு காருக்கு விதிப்படி 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது சுமார் 135 சதுர அடி, நம் வீட்டுப் படுக்கையறையை விடப் பெரிது, அதுவும் கார் திரும்பும் வழியைச் சேர்க்காமல். கார் இல்லாதவரும் விலையில் இதைச் சுமக்கிறார் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. மயிலாப்பூர் பக்கப் பழைய கட்டடங்களில் அதே தரைத்தளத்தில் ஒரு குடும்பம் இருக்கும், வாசலில் கோலமும் துளசித் தொட்டியுமாக.

வசதி: பழையதில் காரைத் தெருவில்தான் விட வேண்டும், தினமும் சண்டை. புதியதிலும் தூண் இடிக்காமல் கதவு திறக்கிறதா என்று நேரில் பாருங்கள்.

கார் தினமும் ஓடுகிறதா, புதியது. பைக்கும் மெட்ரோவும் போதும், மாடி ஏற முடியாத அம்மா அப்பா உண்டு என்றால் பழைய தரைத்தள வீடு. அப்புறம் அதில் யூடிஎஸ்ஸும் (மனையில் நமக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கு) பெரும்பாலும் கூடுதலாக இருக்கும்.