ஹைபர்நேட்டை நீண்ட காலம் பாவித்தால் தெரிகிற விஷயங்கள்

யாழ்ப்பாணத்தில் ஹார்ட்வெயார் கடை, பாமசி, பேக்கரி என்று எதற்குப் பில் போடும் மென்பொருள் எழுதினாலும் அடியில் இருக்கிற அட்டவணைகள் ஏறக்குறைய ஒன்றுதான்: பொருள், வாடிக்கையாளர், பில், பில் வரி, கையிருப்பு. ஜாவாவில் எழுதுகிறவர்கள் இவற்றை ஹைபர்நேட்டிடம் ஒப்படைப்பது வழக்கம். ஜாவா ஒப்ஜெக்டுகளைத் தரவுத்தள அட்டவணைகளில் சேமிக்கவும் திரும்ப எடுக்கவும் 2001இல் கேவின் கிங் தொடங்கிய கருவி அது. 2006இல் இந்த வேலைக்கான ஜாவாவின் பொது நியமமான ஜேபிஏ வந்தபோது அதன் எண்ணங்கள் பலவும் உள்ளே போயின.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பதிவு செய்யும் வேலைக்கு இதைவிடச் சுகமான வழி இல்லை. பில்லையும் அதன் பத்து வரிகளையும் ஒரே 'சேவ்' அழைப்பில் போடலாம். ஒரு வரி எந்தப் பில்லுக்குரியது என்று காட்டும் வெளிச்சாவிகளை அதுவே நிரப்பிக்கொள்ளும். ஆனால் அது தரவுத்தளத்துக்கு அனுப்புகிற எஸ்க்யூஎல் வினவல்களை வாசிக்காமல் பாவிப்பவருக்குக் கடைசியில் தலையிடிதான். உருவாக்கக் கட்டம் முழுக்க, அவை பதிவாகும் எஸ்க்யூஎல் லொக்கைத் திறந்தே வைத்திருங்கள்.

ஏன் என்று கேட்டால், இன்றைய பில் பட்டியல் பக்கத்தைப் பாருங்கள். 50 பில்கள், 40 வாடிக்கையாளர்கள். பில்லிலிருந்து வாடிக்கையாளருக்குப் போகும் 'மெனி டு வன்' உறவை ஜேபிஏ இயல்பாகவே 'ஈகர்' (உடனே எடுத்து வருவது) என்று வைத்திருக்கிறது. பில்களை ஜேபிஏயின் வினவல் மொழியான ஜேபிக்யூஎல்லில் கேட்டால் முதலில் ஒரு வினவல், பிறகு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒன்று: மொத்தம் 41. தரவுத்தளம் அதே மேசையில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அதை வெளிநாட்டுக் கிளவுட்டுக்கு மாற்றி, போய்வர 50 மில்லிசெக்கன் என்று வைத்தால், அந்தப் பக்கத்துக்கு 2 செக்கனுக்கு மேல் போய்விடும். கடைக்காரர் இணைய இணைப்பைத்தான் திட்டுவார்.

செய்ய வேண்டியது: எல்லா 'மெனி டு வன்' உறவுகளையும் 'லேசி' (தொடும்போது மட்டும் எடுப்பது) ஆக்குங்கள், பட்டியல் பக்கத்தின் வினவலில் மட்டும், உறவையும் அதே வினவலில் கொண்டுவரும் 'ஜொயின் ஃபெச்' எழுதுங்கள். பில் வரிகளையும் 'ஜொயின் ஃபெச்' பண்ணி, அதற்கு மேல் பக்கம் பக்கமாகப் பிரிக்கப் போனால் வேறொரு பொறி இருக்கிறது. பொருந்துகிற அத்தனை வரிசைகளையும் நினைவகத்துக்கு இழுத்துவிட்டு அங்கே வைத்துத்தான் ஹைபர்நேட் பிரிக்கும். லொக்கில் ஒரு எச்சரிக்கை வரி மட்டும் வரும். முதலில் அந்தப் பக்கத்துக்குரிய பில் எண்களை எடுத்து, இரண்டாவது வினவலில் வரிகளைக் கொண்டுவருவதே சரி.

'லேசி' ஆக்கிய பிறகு, செஷன் (தரவுத்தளத்தோடு பேசும் அமர்வு) மூடியபின் உறவைத் தொட்டால் 'லேசி இனிஷியலைசேஷன்' பிழை வரும். ஜாவா கட்டமைப்பான ஸ்பிரிங் பூட்டில், திரை வரைந்து முடியும்வரை செஷனை மூடாத 'ஓபன் இன் வியூ' இயல்பாகத் திறந்திருப்பதால் அந்தப் பிழை மறைந்து, வினவல்கள் திரை வரையும் கட்டத்தில் சத்தமில்லாமல் ஓடும். அதை அணைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பிழை முகத்தில் அடிக்கட்டும்.

அடுத்தது மாற்றங்களைத் தானே கண்டுபிடிக்கும் வசதி. பரிவர்த்தனைக்குள் எடுத்த பொருளின் விலையைத் திரையில் காட்டுவதற்காக 1,847.50இலிருந்து 1,848 ஆக்கி அதே ஒப்ஜெக்டில் வைத்தால், 'சேவ்' அழைக்காமலே பரிவர்த்தனையை முடிக்கும் கொமிட் நேரத்தில் புது விலை அட்டவணைக்குப் போய்விடும். வெறுமனே காட்டுவதற்கு எடுக்கும் இடங்களில் தரவைச் சுமக்க மட்டும் இருக்கும் தனி டிடிஓ வகுப்பைப் பாவியுங்கள்.

கையிருப்புக்கு, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எண் கூடும் 'வேர்ஷன்' நிரல் (அட்டவணையின் கொலம்) கட்டாயம். கடைசி சீமெந்து மூட்டையை இரண்டு காசாளர்கள் ஒரே நேரத்தில் விற்கும்போது, பிந்தியவரின் 'அப்டேட்' பழைய வேர்ஷன் எண்ணைத் தேடிப் பூச்சிய வரிசைகளைத் தொடும், விதிவிலக்கு எழும். அதைப் பிடித்து மறுபடி வாசித்து முயல வைப்பது உங்கள் வேலை.

எக்செல்லில் இருக்கும் ஆயிரக்கணக்கான பொருட்களை ஏற்றும்போது மெதுவாக இருந்தால் ஐடி உருவாக்கும் முறையைப் பாருங்கள். செருகும்போது தரவுத்தளமே எண் கொடுக்கும் 'ஐடென்டிட்டி' என்றால் ஹைபர்நேட் செருகல்களைத் தொகுப்பாக அனுப்பாது, ஏனெனில் ஒவ்வொரு எண்ணையும் உடனே தெரிந்துகொள்ள வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், எண்களை முன்கூட்டியே ஒதுக்கித் தரும் 'சீக்வென்ஸ்' பாவிக்கலாம். ஜேபிஏயின் இயல்பான ஒதுக்கீடு 50, தரவுத்தளத்தில் சீக்வென்ஸின் அதிகரிப்பும் 50 ஆக இருக்கட்டும். தொகுப்பு அளவையும் 50 என்று வைத்து, ஒவ்வொரு 50க்கும் 'ஃப்ளஷ்' (தரவுத்தளத்துக்கு அனுப்புதல்), 'கிளியர்' (செஷனைக் காலியாக்குதல்) செய்யாவிட்டால் நினைவகம் வீங்கும்.

தமிழில் பெயர் பதிபவர்களுக்கு வழிகாட்டிகள் சொல்லாத இரண்டு சிக்கல்கள். 'யாழ்ப்பாணம்' கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் 11 குறியீடுகள், யூடிஎஃப்-8இல் 33 பைட்டுகள். போஸ்ட்கிரெஸ் நீளத்தைக் குறியீட்டில் எண்ணும். ஆங்கிலப் பெயரை நினைத்து நீளம் 20 என்று கொடுத்த நிரலில் கொஞ்சம் நீளமான தமிழ்ப் பெயர் நிற்காது. இரண்டாவது, 'கொக்குவில்' என்பதன் முதல் எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஒகரக் குறி ஒன்றாகவோ, கொம்பும் காலும் தனித்தனியாகவோ. திரையில் வித்தியாசமே தெரியாது. ஜாவாவுக்கும் போஸ்ட்கிரெஸ்ஸின் வழக்கமான ஒப்பீட்டுக்கும் அவை வேறு வேறு சொற்கள். தனித்துவக் கட்டுப்பாடு போட்டிருந்தும் ஒரே ஊர் இருமுறை பதிவாகும். தேடினால் பாதிதான் வரும். சேமிக்கும்போது மதிப்பை மாற்றும் ஒரு 'அட்ரிபியூட் கன்வேர்ட்டர்' எழுதி எல்லாச் சரங்களையும், குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிச் சேமித்தால் தீரும். நேரடி எஸ்க்யூஎல்லுக்குக் கொடுக்கும் மதிப்புகளை மட்டும் நீங்களே மாற்றிக் கொடுக்க வேண்டும்.

அட்டவணைகளை ஹைபர்நேட்டே அமைக்கும் 'டிடிஎல் ஓட்டோ'வை 'அப்டேட்' என்று விட்டு நேரலைக்குப் போகாதீர்கள். வகுப்பில் புலத்தின் பெயரை மாற்றினால் அது புது நிரலைச் சேர்க்கும், பழையதை அழிக்காது. பழையது வெறுமையை ஏற்காத நிரலாக இருந்தால் அடுத்த செருகலே விழும். அட்டவணை மாற்றங்களை அவற்றுக்கான கருவியான ஃப்ளைவேயில் எழுதிவிட்டு, பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும் 'வலிடேட்' வைத்தால் போதும்.

அறிக்கைகளை நேரடி எஸ்க்யூஎல்லிலேயே எழுதுங்கள். மாத விற்பனைக் கூட்டுத்தொகைக்காக ஆயிரக்கணக்கான ஜாவா ஒப்ஜெக்டுகளை உயிர்ப்பிப்பது வீண். ஒரு கவனம்: ஹைபர்நேட்டின் நேர வலயத்தை யூடிசி என்று வைத்திருந்தால், அறிக்கையில் நாள்வாரியாகக் கூட்டும் முன் நேரத்தைக் கொழும்பு வலயத்துக்கு மாற்ற வேண்டும். நாங்கள் 5:30 மணி முன்னால் இருக்கிறோம். மாற்றாமல் விட்டால் பேக்கரியில் காலை 5 மணிக்கு விற்ற பாண் முழுக்க முந்தின நாள் கணக்கில் ஏறும்.