‘குவான்டம் ஹைட்ரஜன்’ தண்ணீர் பாட்டில்: இரண்டு மாதம் கையில் வைத்திருந்து எழுதுகிறேன்

பாட்டில் அக்காவுடையது. முழங்கால் வலிக்கு நல்லது என்று யாரோ சொல்லி வாங்கிவிட்டாள். கூட வந்த கையேட்டை என்னிடம் நீட்டி, “நீதானேடி பயோகெமிஸ்ட்ரி நடத்துற, இது நெஜமான்னு பார்த்துச் சொல்லு” என்றாள்.

முதலில் பாட்டில். அடியில் இரண்டு மின்முனைகள், நடுவே ஒரு சவ்வு. பொத்தானை அழுத்தியதும் வெள்ளைப் புகை மாதிரி பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பும். தண்ணீரை மின்சாரம் பிரிக்கிறது. ஆக்ஸிஜன் அடிவழியே வெளியேற, ஹைட்ரஜன் தண்ணீரில் தங்குகிறது. அந்தச் சவ்வு அவசியம். அது இல்லாத மலிவு மாடல்களில், குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரைடு குளோரினாக மாறி அதே தண்ணீரில் கலக்க வாய்ப்புண்டு.

எவ்வளவு ஹைட்ரஜன் இருக்கிறது என்பதை மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயத்தைச் சொட்டு வைத்துப் பார்த்தேன்; ஹைட்ரஜன் பட்டால் அது நிறம் இழக்கும். 6 மில்லி தண்ணீரில் ஒரு சொட்டு நிறம் இழந்தால் 0.1 பிபிஎம் (லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்) என்று கணக்கு. முதல் சொட்டு நீலமாக இறங்கி, நூல் பிரிவது போலச் சுழன்று, கண்ணெதிரே காணாமல் போனது. ஒன்பது சொட்டு வரை அப்படித்தான். பத்தாவது நீலமாகவே நின்றது. ஆக, 0.9 பிபிஎம். மூடியைத் திறந்து அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பார்த்தால் நான்கு சொட்டுதான். கையேட்டில் 3 பிபிஎம் என்று போட்டிருக்கிறார்கள். 25 டிகிரியில், சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் பிடித்துவைக்கும் ஹைட்ரஜனே லிட்டருக்குச் சுமார் 1.6 மில்லிகிராம்தான். மூடிய பாட்டிலில் அழுத்தம் ஏறினால் கூடலாம், திறந்ததும் ஓடிவிடும்.

மூன்றாவது வாரம் அடி வளையம் கசிந்தது. விற்றவர்களுக்கு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. உப்புப் படிவதால் சிட்ரிக் அமிலம் போட்டு அவ்வப்போது கழுவவும் வேண்டும்.

எனக்கு மனசு ஆறாதது கையேட்டின் இரண்டாம் பக்கம்தான். இந்தத் தண்ணீரின் ஹைட்ரஜன் ‘குவான்டம் டனலிங்’ மூலம் செல்லுக்குள் நுழைந்து டிஎன்ஏவைப் புதுப்பிக்குமாம். டனலிங் பொய்யில்லை. ஏறிக் கடக்க ஆற்றல் போதாத மேட்டை, ஏறாமலே கடந்து அந்தப் பக்கம் போய்விடுவது அது. எலக்ட்ரான் எளிதாகச் செய்யும். எடை குறைவு என்பதால் ஹைட்ரஜனின் அணுக்கருவான புரோட்டானுக்கும் முடியும். 1989-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஜூடித் கிளின்மன் குழு, ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜனை எடுக்கும் ஈஸ்ட்டின் ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் நொதியில் இதற்கான சான்றைக் காட்டியது. சோயாவின் லிப்பாக்ஸிஜினேஸ் நொதி இன்னும் வியப்பானது. அது கையாளும் மூலக்கூறில் ஒரே ஓரிடத்தில் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு, ஹைட்ரஜனின் இரு மடங்கு எடையுள்ள வடிவமான டியூட்டீரியத்தை வைத்தால் வேகம் ஏறக்குறைய 80 மடங்கு குறைகிறது. டனலிங் இல்லாத வழக்கமான கணக்கில் 7 மடங்கு போல்தான் குறைய வேண்டும். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

ஆனால் அந்த ஹைட்ரஜன், மூலக்கூறில் ஏற்கெனவே கட்டுண்டிருப்பது. ஒரு அணுவின் அகலத்துக்கும் குறைவான தூரத்தை, நொதி அமைத்துக்கொடுத்த இடத்தில் தாண்டுகிறது. பாட்டிலில் வருவதோ இரண்டு அணு சேர்ந்த வாயு. அது செல்லுக்குள் போக டனலிங் வேண்டியதில்லை. சின்ன மூலக்கூறு, சவ்வு வழியே சாதாரணமாகப் பரவும். அதைப் பிளந்து பயன்படுத்தும் ஹைட்ரஜனேஸ் நொதி சில பாக்டீரியாக்களிடம் உண்டு, நம் செல்களிடம் இல்லை. நமக்கு வேண்டிய ஹைட்ரஜன் சாப்பாட்டிலிருந்து வருகிறது. எலக்ட்ரான் ஒரு வழி, புரோட்டான் ஒரு வழி எனப் பிரிந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவை ஓட்டுகிறது. இதை 1961-இல் முன்வைத்த பீட்டர் மிட்செல் 1978-இல் நோபல் பரிசு பெற்றார். டிஎன்ஏவில் புரோட்டான் இடம் தாவலாம் என்று 1963-இல் சொன்னவர் ஸ்வீடன் விஞ்ஞானி பெர்-ஓலோவ் லோவ்டின். அவர் சொன்னது அதனால் பிழை, அதாவது மரபு மாற்றம், வரலாம் என்று. கையேடு அதைப் புதுப்பித்தல் என்று தலைகீழாக்கியிருக்கிறது.

ஹைட்ரஜன் வாயுவைப் பற்றி நேர்மையான ஆய்வு இல்லாமலில்லை. 2007-இல் ஜப்பானில் ஓசாவா, ஓட்டா குழுவினர், அது செல்லைச் சேதப்படுத்தும் ஹைட்ராக்சில் ரேடிக்கலை மட்டும் தேர்ந்து தணிப்பதாக வெளியிட்டார்கள். எலி மூளையில் பாதிப்பு குறைந்ததையும் காட்டினார்கள். அதன்பின் மனிதர்களிடம் நடந்தவை பெரும்பாலும் சின்னச் சின்ன ஆய்வுகள். மூட்டு வலிக்கு மருந்து என்று சொல்ல அவை போதாது. இதையும் பாருங்கள்: நான் அளந்த 300 மில்லி தண்ணீரில் இருப்பது சுமார் 3 மில்லி வாயு. நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும் நம் குடல் பாக்டீரியாக்கள் ஒரு நாளில் அதைவிடப் பல மடங்கு ஹைட்ரஜன் உண்டாக்குகின்றன. அது மூச்சிலும் வருகிறது, அதை அளந்து, பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை செரிக்காத நிலையைக் கண்டுபிடிக்கிறார்கள்.

5-க்கு 2 கொடுக்கிறேன், அந்த இரண்டும் ஹைட்ரஜன் உண்மையிலேயே வருவதற்காக. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் சவ்வு இருக்கிறதா என்று கேளுங்கள், சொட்டு வைத்துப் பாருங்கள், உடனே குடியுங்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையை இதை நம்பி நிறுத்தாதீர்கள். அக்கா பத்து நாள் நிறுத்தியிருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கே உட்காரவைத்துப் பேசினேன், மறுபடி போட ஆரம்பித்திருக்கிறாள்.